இறகின் அடிவரை சேரும் பெயிண்ட்: கொழிஞ்சாம்பாறைப் பட்டறை ஒன்றின் வேலை

பழைய இரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு டேங்கையும் மட்கார்டையும் பளபளப்பாக்கித் தர ஊருக்கு ஊர் ஆள் உண்டு. சிலிண்டருக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் அதே நேர்த்தியில் பெயிண்ட் அடித்துத் தருபவர் கிடைப்பதுதான் அரிது. டேங்க் கைக்கு எட்டும் திறந்த வளைவு. அங்கே பட்டி போட்டு, வாட்டர் பேப்பரில் தேய்த்து, மேலே மேலே பூசி எந்தக் குறையையும் சரிசெய்துவிடலாம். சிலிண்டரிலோ, வரிசையாக நிற்கும் குளிர்விப்பு இறகுகளின் அடிவரை விரல் போகாது. சூட்டில் பட்டி நிற்காது. பூசிய பிறகு தேய்த்துத் திருத்தவும் வழியில்லை. முதல் முறை எப்படி விழுகிறதோ அப்படியே நிற்கும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையோரத்துச் சிறு பட்டறை ஒன்றில் என் 350 சிசி புல்லட்டின் சிலிண்டர், ஹெட், ராக்கர் மூடிகள் இரண்டு, டைமிங் கவர் ஆகியவற்றைக் கொடுத்து வாங்கினேன். கொடுத்த பணத்துக்கு மேலான வேலை அது என்பதால், எதை எப்படிச் செய்தார்கள் என்பதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டறை உரிமையாளர் கோவையில் பம்ப்செட் உறைகளுக்குப் பெயிண்ட் அடித்துக் கை பழகியவர். வார்ப்பு இரும்பு என்றால் என்ன, அதன் நுண்துளைகளில் எது தங்கும், சூடு ஏறினால் என்ன வெளியே வரும் என்பதெல்லாம் அவருக்கு அங்கேயே படிந்த அறிவு. அவரோடு இரண்டு இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். பேச்சு தமிழில்தான், அப்பகுதியில் பெரும்பாலோர் போல மலையாளமும் இடையிடையே கலந்து வரும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலையை அவர்கள் தொடுவதில்லை. பாகங்களைத் தனியாகக் கழற்றி, பேரிங், சீல், வால்வு எதுவும் இல்லாமல் வெறும் உலோகமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சிலிண்டரைக் கொடுத்தபோது நான் பவுடர் கோட்டிங்தான் கேட்டேன். கோவையில் அதற்குப் பட்டறைகள் ஏராளம், விலையும் மலிவு, சைடு ஸ்டாண்ட், ஹேண்டில் பார், சேசிஸ் போன்றவற்றுக்கு அதைவிட உறுதியான பூச்சு கிடையாது. உரிமையாளர் சிலிண்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சேசிஸ்னா பவுடரே போட்டுக்குங்க சார். இதுக்கு வேண்டாம். வெளிய ஜம்முனு இருக்கும், இறகோட அடியில போய்ச் சேராது. அப்புறம் மழை பெஞ்சா அங்கிருந்துதான் துரு வரும்" என்றார். தம்மிடம் வந்த வேலையின் எல்லையை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லும் தொழிலாளியைப் பார்ப்பதே நிறைவாக இருந்தது.

அவர் சொன்னதற்குப் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது. பவுடர் கோட்டிங்கில், மின்னேற்றம் பெற்ற தூள் மண்ணிணைப்புக் கொடுத்த உலோகத்தை நோக்கி ஈர்க்கப்பட்டு ஒட்டுகிறது. ஆனால் மின்புலம் விளிம்புகளிலும் வெளிமுகங்களிலும் செறிந்து, ஆழமான குறுகிய பள்ளங்களுக்குள் வலுவிழந்துவிடும். ஃபாரடே கூண்டு விளைவு என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். அதனால் இறகின் நுனியில் தூள் தடித்து ஏறும். இரண்டு இறகுகள் சேரும் அடிமூலையிலோ மெல்லிய படலம்தான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இராது. பவுடர் பூச்சின் தடிமன் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். நுனிகளில் அதற்கும் மேல். காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினில் சூடு வெளியேற வேண்டிய பரப்பைத் தடித்த பிளாஸ்டிக் போர்வை ஒன்றால் மூடுவது நல்லதல்ல. மெல்லிய சூடு தாங்கும் பெயிண்ட் அதில் பாதித் தடிமனுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். இவற்றோடு, ஹெட்டில் புகை வெளியேறும் எக்சாஸ்ட் போர்ட்டை ஒட்டிய பகுதி, சாதாரண பாலியெஸ்டர் பவுடர் நீண்ட காலம் தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிவிடும் வாய்ப்பும் உண்டு. சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் சிலிகோன் பிசின் கலந்த சூடு தாங்கும் பெயிண்ட், அவ்வளவு சூடாகாத ராக்கர் மூடிக்கும் டைமிங் கவருக்கும் இறுகவைக்கும் ஹார்டனர் கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் என்று முடிவானது.

அவர்களுடைய வேலையில் நான் மிகவும் மதிப்பது, பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் நடந்தவற்றைத்தான். பல ஆண்டுகளாக எண்ணெய் கசிந்த சிலிண்டரின் வார்ப்பு நுண்துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகத் தெரியுமே தவிர, உள்ளே இருப்பது அங்கேயேதான் இருக்கும். பூசியபின் சூட்டில் வைத்தால் அந்த எண்ணெய் ஆவியாகிப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, ஊசி முனையளவு துளைகளையும் கொப்புளங்களையும் விட்டுச்செல்லும். ஆகவே இவர்கள் முதலில் பாகத்தைக் கிரீஸ் நீக்கியில் ஊறவைத்துக் கழுவி, பெயிண்ட் பூசாமலேயே ஓவனில் வைத்து, பின்னர் பெயிண்டுக்கு வைக்கப்போகும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டுக்கு ஏற்றி, எண்ணெயை வியர்க்க விடுகிறார்கள். வெளியே எடுத்தபோது இறகுகளின் அடியில் பழுப்பு நிறத்தில் கசிவு படிந்திருந்ததை நானே பார்த்தேன். கழுவித் துடைத்த பிறகும் அவ்வளவு எண்ணெய் உள்ளே இருந்திருக்கிறது. அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் சூடேற்றுகிறார்கள். கசிவு நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

காற்றழுத்தத்தில் துகள்களை அடித்து உலோகத்தைச் சுத்தமாக்கும் பிளாஸ்டிங்கிலும் இதே நிதானம். இரும்பு சிலிண்டருக்கு ஒரு துகள், அலுமினிய ஹெட்டுக்கு வேறு. அலுமினியத்தில் கரடுமுரடான துகளை வேகமாக அடித்தால் மேற்பரப்பு குழிந்து சொரசொரப்பாகிவிடும். பிறகு எந்தப் பெயிண்டாலும் அதை வழவழப்பாக்க முடியாது. ஹெட்டுக்கு அவர்கள் கண்ணாடி மணிகளைக் குறைந்த அழுத்தத்தில் பயன்படுத்துகிறார்கள். ஆற்று மணலை எதற்கும் தொடுவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. சிலிக்கா தூசி தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும், அதற்குத் தீர்வான மருத்துவம் கிடையாது. பாலியூரித்தேன் அடிக்கும்போதும், ஐசோசயனேட் ஆவியைக் கைக்குட்டையால் தடுத்துவிடலாம் என்று எண்ணாமல், வெளிக்காற்றைக் குழாய்வழி எடுக்கும் முகமூடியோடுதான் அந்த இளைஞர்கள் ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கிறார்கள். எந்தப் பெயிண்ட் பட்டறைக்குப் போனாலும் முதலில் இதைப் பாருங்கள் என்று சொல்வேன்.

பிளாஸ்டிங்குக்கு முன்பே துளைகள் எல்லாம் அடைக்கப்பட்டுவிடுகின்றன. இரும்பு எஞ்சின் புல்லட்டில், வால்வுகளை இயக்கும் தள்ளுகோலான புஷ்ராடு செல்லும் பாதைகள் சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே அமைந்திருப்பதால் அவற்றையும் மூட வேண்டும். ஒரு பாதையில் ஒரு சிட்டிகை மணி தங்கினாலும் அது எண்ணெயோடு கீழிறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். பிஸ்டன் ஓடும் துளையான போருக்கும் புஷ்ராடு பாதைக்கும் ரப்பர் அடைப்பான், திருகுப் புரிகளுக்குப் பழைய போல்ட்டு, கேஸ்கெட் உட்காரும் முகங்களுக்குச் சூடு தாங்கும் பச்சை டேப் என ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு இருந்தது. டேப்பை விளிம்பில் பிளேடால் வெட்டாமல், மெல்லிய அரத்தை விளிம்பின் மேல் சாய்த்து ஒரே திசையில் தேய்க்க, டேப் அந்த விளிம்பிலேயே அறுந்து விழுகிறது. பிளேடு கீறல் கேஸ்கெட் முகத்தில் விழுவதில்லை, டேப்பும் ஒரு மயிரிழை வெளியே நீள்வதில்லை. ஹெட் நட்டுகளின் வாஷர் அமரும் வட்டங்களையும் மறக்காமல் மூடினார்கள். அங்கே பெயிண்ட் இருந்தால் சூட்டில் அது அமுங்கி, நட்டின் இறுக்கம் தளர்ந்து, சில நாளில் ஹெட் கேஸ்கெட் கசியத் தொடங்கும். பெயிண்ட் வேலையால் எஞ்சின் கெடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

வழவழப்பு என்று நாம் கேட்பதில் பாதி, வார்ப்பின் தையல் கோட்டையும் பிசிறையும் நீக்குவதில் இருக்கிறது. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் எழும்பி நிற்கும் அந்தக் கோட்டை ஊசி அரத்தால் எடுத்து, இறகின் கூரிய நுனியையும் எமரித் தாளால் மெல்ல மழுக்குகிறார்கள். கூரிய விளிம்பில் ஈரப் பெயிண்ட் நிற்பதில்லை. பரப்பு இழுவிசையால் விளிம்பைவிட்டு இரு பக்கமும் விலகி, நுனியில் மட்டும் மெலிந்துவிடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த சிலிண்டரில் முதல் மழைக்கே நுனிகளில் சிவப்புக் கோடு தெரிவதற்குக் காரணம் இதுதான். நுனி மழுங்கியிருந்தால் பெயிண்ட் அதைச் சுற்றிப் படியும்.

கடைசித் துடைப்புக்கு அவர்கள் கையாளும் கருவி தென்னை ஈர்க்கு. நூல் பிரியாத மெல்லிய துணிப் பட்டையை ஈர்க்கின் நுனியில் சுற்றி, தின்னரில் தோய்த்து, ஒவ்வோர் இறகு இடைவெளியிலும் உள்ளே விட்டு, ஒரே இழுப்பில் வெளியே எடுக்கிறார்கள். முன்னும் பின்னும் தேய்ப்பதில்லை; தேய்த்தால் எடுத்த அழுக்கை அங்கேயே மறுபடி பூசுவதாகும். துணி கறுத்தால் புதுத் துணி, கறுக்காமல் வரும்வரை. ஈர்க்கு வளையும், உடையாது, உலோகத்தில் கீறல் போடாது. அந்த இளைஞர் ஓர் இடைவெளியை முடித்து அடுத்ததற்குப் போகுமுன் துணியை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு வெறுங்கையால் யாரும் தொடுவதில்லை. விரல் ரேகையின் எண்ணெய் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் பிளந்து மீன்கண் போல வட்டம் விழும்.

சிலிண்டருக்கு அடிப்பூச்சான பிரைமர் அடிக்கவில்லை. இதைக் கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள். சாதாரண எப்பாக்சி பிரைமர் சிலிண்டர் ஹெட் சூட்டைத் தாங்காது. அடியில் இருப்பது விட்டுக்கொடுத்தால் மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் இருந்தும் பயன் இல்லை. சிலிகோன் வகைப் பெயிண்டுகளில் பல, பிளாஸ்டிங் செய்த வெறும் உலோகத்தின் மேல் நேரடியாகப் பூசவே செய்யப்பட்டவை. ஆனால் பிளாஸ்டிங் முடிந்த இரும்பு, ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கும் என்பதால் அன்றைக்கே பூசி முடித்தாக வேண்டும். அலுமினியக் கவர்களுக்கு மட்டும் அமில எட்ச் பிரைமர் அடித்து, அதன்மேல் தடித்த பிரைமர் கொடுத்து, வாட்டர் பேப்பரில் சமன் செய்தார்கள். அவை திறந்த பரப்புகள், சூடும் குறைவு. அங்கே டேங்க் வேலையின் முறை செல்லும்.

இனிப் பூச்சு. டேங்குக்குப் பயன்படும் பெரிய கன் அகன்ற விசிறியாகப் பீச்சும். அந்த அழுத்தத்தில் காற்று இறகுகளுக்கு இடையே புகுந்து முட்டித் திரும்பி, பெயிண்டையும் வெளியே தள்ளிவிடும். உள்ளே போய்ச் சேர்வது பாதி காய்ந்த துளிகள்தான்; தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். நம் வட்டாரத்தில் இரும்பு எஞ்சின்களுக்கு அடிக்கப்படும் பெயிண்ட் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறது. இங்கே சிறிய டச்-அப் கன்னில் 0.8 மில்லிமீட்டர் நாசில் போட்டு, அழுத்தத்தைத் தணித்து, வட்டமான குறுகிய பீச்சலாக வைத்துக்கொள்கிறார்கள். சிலிண்டர் ஒரு சுழலும் பலகையில் நிற்கிறது. முதலில் இறகுகளின் அடிமூலைகள்: மேலிருந்து சாய்வாக ஒரு சுற்று, கீழிருந்து சாய்வாக ஒரு சுற்று, இடமிருந்தும் வலமிருந்தும் ஒவ்வொரு சுற்று, எல்லாம் புகை படிந்தது போன்ற மெல்லிய பூச்சு. இறகின் வெளிமுகத்தை அவர்கள் குறிவைப்பதே இல்லை. உள்ளே அடிக்கும்போது சிதறுவதிலேயே வெளிமுகத்துக்கு முக்கால்வாசி கிடைத்துவிடும். கடைசிச் சுற்றில் மட்டும் சற்று ஈரமாக வெளிமுகத்தை மூடி, சொட்டு வடியும் முன் கன்னை எடுத்துவிடுகிறார்கள். வெளிமுகத்தில் தொடங்குபவர்கள் உள்ளே எட்டுவதற்குள் நுனிகள் தடித்து வடிந்துவிடும்.

சூடேற்றுவதும் படிப்படியாகத்தான். முதலில் அறைச் சூட்டில் ஆறவிட்டு, பிறகு மிதமான சூட்டில் வைத்துத் தின்னர் முழுவதும் வெளியேறிய பின்பே 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றினார்கள். ஓவனுக்குள் போகாத சிலிகோன் பெயிண்ட் கைக்குக் காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே முதிர்ந்திருக்காது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் கரைந்து வழியும். எஞ்சினைப் பூட்டி ஓட்டினால் அதன் சூட்டிலேயே முதிர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஹெட்டை ஒட்டிய இறகுகளும் கீழே எஞ்சினின் அடிப்பெட்டியான கிரேங்க்கேஸை ஒட்டிய இறகுகளும் ஒரே அளவு சூடாவதில்லை, ஆகையால் பாதி முதிர்ந்து பாதி முதிராமல் நிற்கும்.

பாகங்களை வாங்கும்போது கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வோர் இடைவெளியாகப் பார்த்தேன். சிலிண்டரில் அடிமூலை வரை ஒரே கருமை, ஒரே மங்கல் பளபளப்பு. எங்கும் சாம்பல் திட்டோ துளையோ இல்லை. உள்முகத்தில் பெட்ரோல் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன், துணியில் கறுப்பு ஏறவில்லை. ஹெட்டில் ஸ்பார்க் பிளக் துளைக்குப் பின்னுள்ள குறுகலான பள்ளத்தில் மட்டும் விரல் நுனிக்குச் சற்றுச் சொரசொரப்பு தெரிந்தது. அங்கே எந்தக் கோணத்திலும் கன் நேராகப் போகாது என்பதை அவர்களே சொல்லிக் காட்டினார்கள். ராக்கர் மூடி ஒன்றில் பெயிண்டுக்கு அடியில் தூசு ஒன்று சிக்கியிருந்தது. சுட்டிக்காட்டியதும் மறுபேச்சின்றி எடுத்து வைத்துக்கொண்டு, தேய்த்து மறுபடி அடித்துக் கொடுத்தார்கள்.

எஞ்சினைப் பூட்டிய பின் போத்துண்டி அணை வழியாக நெல்லியாம்பதி மலையேறினேன். முதல் கியரிலும் இரண்டாவதிலும் இரும்பு எஞ்சின் நன்றாகச் சூடேறும் ஏற்றம் அது. புதுப் பெயிண்டின் புகையோ வாடையோ எழவில்லை. ஓவனில் முழுமையாக முதிர்ந்ததற்கு அதுவே சான்று. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொதிக்கும் இறகுகளில் குளிர்ந்த நீர் விழும்போது உலோகம் சட்டென்று சுருங்கும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிந்து சுருங்கும் என்பதால் ஹெட்டின் மேல்தான் எனக்குக் கவலை. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தபோது இரண்டிலும் வெடிப்பு இல்லை. எக்சாஸ்ட் போர்ட்டைச் சுற்றி நிறம் சிறிதளவு மங்கியிருக்கிறது. அந்தச் சூட்டுக்கு அது இயல்பே.

குறைகளும் சொல்ல வேண்டும். கட்டணம், கோவையில் பவுடர் கோட்டிங்குக்குச் சொல்லப்பட்டதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை. வாய்மொழியாகச் சொன்ன தொகையை மாற்றவில்லை என்றாலும் ஒரு தாளில் எழுதித் தருவது இரு தரப்புக்கும் நல்லது. நாள் தள்ளிப்போகிறது, எப்போது முடியும் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வண்ணத் தேர்வு குறைவு: கறுப்பில் மூன்று பளபளப்பு, வெள்ளியில் இரண்டு, அவ்வளவுதான். பழைய புல்லட் சிலிண்டரின் அசல் வெள்ளிச் சாயலை அப்படியே கேட்பவர்களுக்கு இங்கே இருக்கும் வெள்ளி சற்று வெளுப்பாகத் தோன்றும்.

காலமும் பார்த்துக் கொடுக்க வேண்டும். சிற்றூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி பாலக்காட்டின் மற்ற இடங்களைவிட மழை குறைந்தது என்றாலும், தென்மேற்குப் பருவமழை கணவாய் வழியே நுழையும் மாதங்களில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். தின்னர் ஆவியாகும்போது உலோகப் பரப்பு குளிர்ந்து, அதன்மேல் ஈரம் படிந்து, கறுப்புப் பெயிண்ட் பால் தெளித்தது போல வெளுத்துவிடும். உலோகத்தின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் அடிப்பேன் என்று உரிமையாளர் பிடிவாதமாக இருக்கிறார், அந்தப் பிடிவாதம் சரியானது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து கணவாயில் வீசும் காற்று காய்ந்ததுதான், ஆனால் அது கரிசல் மண் தூசியையும் சேர்த்துக் கொண்டுவரும். மூடிய அறையில் தரையை நனைத்துவிட்டு அடித்தாலும் ராக்கர் மூடி போன்ற பளபளப்பு வேலைகளுக்கு அது தொல்லைதான். மாசி, பங்குனி மாதங்கள் இந்த ஈரத்துக்கும் தூசிக்கும் நடுவாக அமையும்.

கிரேங்க்கேஸை அடுத்ததாக இவர்களிடமே கொடுக்க இருக்கிறேன். அதில் எஞ்சின் எண் பொறித்த பட்டையின் மேல் பிளாஸ்டிங் படவே கூடாது, பெயிண்டும் எழுத்துகளை நிரப்பிவிடக் கூடாது என்று கேட்டபோது, அந்த இடத்தை உலோகத் தகடால் மூடிவிட்டே வேலையைத் தொடங்குவதாகச் சொன்னார்கள். எண் மழுங்கிப் போனால் தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியோடு வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச்சாவடிகளைக் கடப்பவர்களுக்கு வீண் விளக்கம் சொல்லும் வேலை வரும். கொடுப்பதற்கு முன் எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாகங்களைப் பெற்றபின் போரையும் புஷ்ராடு பாதைகளையும் எண்ணெய்த் துளைகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கம்ப்ரசர் காற்றால் ஊதி, எண்ணெய் தடவிய பிறகே மெக்கானிக்கிடம் பூட்டக் கொடுங்கள். முதல் ஓட்டத்தில் எஞ்சின் சூடாகி ஆறிய பின் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.